தப்பு பரவாயில்லை, நின்றுவிடாதீர்கள்: பெரிய வயதில் பியானோ கிரேடு தேர்வு

தவறான கீயில் விரல் பட்டவுடன் கையை எடுத்துவிட்டு, ‘சாரி’ சொல்லி, இரண்டு பார் (தாளக் கட்டம்) பின்னால் போய் மறுபடி ஆரம்பிப்பது. பெரிய வயதில் பியானோ கற்க வருபவர்கள் பெரும்பாலோரிடம் நான் பார்க்கும் பழக்கம் இது. குழந்தைகளிடம் இது குறைவு. தப்பு நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். பெரியவர்களின் காதோ பல ஆண்டுகள் நல்ல வாசிப்பைக் கேட்டுப் பழகியது. விரல் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் ஒவ்வொரு பிசிறும் உறுத்துகிறது, உடனே திருத்தத் தோன்றுகிறது. வகுப்பில் இதனால் பெரிய நஷ்டமில்லை. தேர்வில் மார்க்கை விழுங்குவது இதுதான்.

மார்க் போடும் முறையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் கிரேடு (படிநிலை) தேர்வில், எக்ஸாமினர் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் வகையில், மொத்தம் 150. மூன்று பீஸுக்கு (தயார் செய்து வரும் இசைத் துண்டுகள்) தலா 30, ஸ்கேல்-ஆர்பெஜியோவுக்கு (ஸ்வர வரிசைப் பயிற்சிகள்) 21, சைட் ரீடிங்குக்கு (முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது) 21, ஆரல் டெஸ்டுக்கு (காதால் கேட்டுப் பதில் தரும் தேர்வு) 18. தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கூட்டுத்தொகை 100 வந்தால் போதும்.

பலர் நினைப்பதுபோல எக்ஸாமினர் முப்பதில் தொடங்கி, தப்புக்கு ஒரு மார்க் என்று கழித்துக்கொண்டே வருவதில்லை. ஒரு பீஸுக்குத் தேர்ச்சி மார்க் 20. அங்கிருந்து, தான் கேட்டதை மொத்தமாக எடைபோட்டு மேலேயோ கீழேயோ போகிறார். ஸ்வரம் சரியா, தாளம் நிற்கிறதா, நாதம் எப்படி, இசைவாக்கியங்கள் வடிவம் பெறுகின்றனவா, கேட்பவருக்கு ஒரு வாசிப்பாகப் போய்ச் சேர்கிறதா என்று ஐந்து கோணங்களில் பார்ப்பார். ஒரு தவறான ஸ்வரம் முதல் கோணத்தை மட்டும் லேசாக உரசிவிட்டுப் போகும். நின்று, பின்னால் போய், திருத்தி வாசித்தால் தாளம், வடிவம், வாசிப்பு மூன்றும் ஒன்றாக அடிபடும். அப்படித் திருத்தியதால் ஸ்வரத்துக்கு வரும் லாபமும் பெரிதாக ஒன்றுமில்லை.

‘சரி, தேர்வன்று நிற்காமல் வாசித்துவிடுகிறேன்’ என்று சொல்வார்கள். முடியாது. மாதக்கணக்கில் நின்று நின்று பழகிய கை, பதற்றத்தில் அதையேதான் செய்யும். அதனால் பயிற்சியையே இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒன்று பழுதுபார்ப்பு: சிக்கலான நாலு பாரை மட்டும் எடுத்து, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) மெதுவாக வைத்து, வேண்டிய மட்டும் நின்று திருத்துங்கள். இன்னொன்று ஓட்டம்: ஆரம்பித்தால் முடிக்கும்வரை நிற்கக் கூடாது, என்ன ஆனாலும் சரி. இரண்டையும் ஒரே வாசிப்பில் கலப்பதுதான் சிக்கலுக்கு வேர். தேர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பிருந்தே தினமும் ஓர் ஓட்டம் இருக்கட்டும். அதுவும் அன்றைய முதல் வாசிப்பாக, விரல் சூடேறும் முன்பு. தேர்வு அறையில் பியானோவைத் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். வீட்டில் ஐந்தாவது முறை வாசித்தபோது வந்த நேர்த்தியை அங்கே எதிர்பார்க்க முடியாது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் கை நடுங்குகிறதா? நல்லது, அந்த நடுக்கத்தோடு வாசிக்கத்தான் பழகுகிறீர்கள்.

ஓட்டத்தில் வழி தவறினால் என்ன செய்வது? ஒவ்வொரு பீஸிலும் நாலைந்து இடங்களைப் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த இடங்களிலிருந்து, முன்னால் எதையும் வாசிக்காமல், நேராகத் தொடங்கத் தெரிந்திருக்க வேண்டும். தடுமாறினால் அடுத்த குறிக்குத் தாவுங்கள், பின்னால் போகவே வேண்டாம். வலது கை தொலைந்தாலும் இடது கை நடந்துகொண்டிருக்கட்டும்.

சைட் ரீடிங்கிலும் இதே கதைதான். பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் வாசித்தும் பார்க்கலாம். ஆனால் நம் ஆட்கள் பரீட்சை வினாத்தாள் மாதிரி மௌனமாகப் படித்துக்கொண்டே இருப்பார்கள். கையை வையுங்கள், கடினமான இடத்தை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

ஆரல் டெஸ்டில் பாட வேண்டும் என்றதும் கூச்சப்பட்டே பின்வாங்குபவர்கள் உண்டு. குரல் இனிமைக்கு அங்கே மார்க் கிடையாது, சுருதிக்குத்தான். முணுமுணுக்கலாம், விசிலும் அடிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் 2020-இல் வந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு இருக்கிறது: நாலு பீஸை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், ஸ்கேல், ஆரல் எதுவும் இல்லை. எளிது என்று நினைத்துவிடாதீர்கள். நாலையும் ஒரே தொடர் பதிவில் வாசிக்க வேண்டும், வெட்டி ஒட்ட முடியாது, மொத்த வாசிப்புக்கென்றே தனியாக 30 மார்க் உண்டு. நிற்கும் பழக்கம் உள்ளவர்களை இந்தத் தேர்வுதான் அதிகம் வாட்டும். இதேபோல் கிரேடு தேர்வு நடத்தும் இன்னொரு அமைப்பான டிரினிட்டியில் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஐந்தாம் கிரேடு வரை நாலு துணைத் தேர்வுகளில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

எந்தக் கிரேடு? வயது வரம்பு இல்லை, முதல் கிரேடிலிருந்து வரிசையாக எழுத வேண்டிய அவசியமும் இல்லை. (ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடுக்கும் அதற்கு மேலும் போக ஐந்தாம் கிரேடு தியரியோ (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அதற்கு ஈடான ஒன்றோ வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.) இந்தச் சுதந்திரமே பெரியவர்களை மாட்டிவிடுகிறது. பிடித்த பீஸ் ஐந்தாம் கிரேடில் இருக்கிறது என்பதற்காக அதற்கே பணம் கட்டிவிடுவார்கள். என் கணக்கு எளியது: மூன்று மாதம் ஆகியும் ஸ்வரங்களே கைக்கு வரவில்லை என்றால் அந்தக் கிரேடு இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி டிஜிட்டல் பியானோவில் மட்டும் பழகுபவர்கள், சாதாரண பியானோவில் சில தடவையாவது வாசித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். கீயின் கனமும் பெடலின் ஆழமும் வேறு.

கடைசி வாரங்களில் அரை மணி நேரப் பயிற்சியைத் திடீரென்று மூன்று மணி நேரமாக்குவது இன்னொரு வழக்கம். மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போன உணர்வோ வந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்துக்கு நண்பர் கொடுத்தார் என்று பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை போடுவதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

தேர்வன்று எதை முதலில் வாசிப்பது என்பது உங்கள் விருப்பம். பதற்றம் அதிகமுள்ளவர்களை, ஸ்கேலை விட்டுவிட்டு நன்றாகத் தெரிந்த பீஸில் தொடங்கச் சொல்வேன். வாசிக்கும் முன் மிகக் கடினமான பாரை மனதுக்குள் ஓட்டி, அதற்குத் தாங்கும் வேகத்தில் ஆரம்பியுங்கள். நடுவில் எக்ஸாமினர் எதையோ எழுதுவது கண்ணில் படும். தப்பைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்துத்தான் பலருக்கு அடுத்த பார் சறுக்குகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் கருத்து எழுதுவது அவர் வேலை. அருமையாக வாசித்தாலும் எழுதிக்கொண்டுதான் இருப்பார்.