வங்கி மேசையில் பிரிந்து விழும் அறிக்கைகள்

இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது தடவை. போன செவ்வாய்க்கிழமை ஒரு தம்பி, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உளுந்து ஏற்றுமதி செய்யும் கடையில் கணக்குப் பார்ப்பவர். வங்கிக் கடனுக்குக் கொடுத்த திட்ட அறிக்கை அது, வேறோர் இடத்தில் கம் பைண்டிங் போட்டது, அதாவது முதுகில் பசை மட்டும் ஒட்டிக் கட்டியது. வங்கியில் ஒரு பக்கத்தை நகலெடுக்க அறிக்கையை விரித்து ஜெராக்ஸ் கண்ணாடி மேல் அழுத்தியிருக்கிறார்கள். முதுகு நடுவில் விண்டுபோய், நாற்பது தாள் கையோடு வந்துவிட்டது. திரும்ப அடுக்கும்போது இணைப்பு ஒன்றைக் காணோம். முழுசாகக் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணே, புத்தகம் மாதிரி இருக்கணும்னுதான் கூடக் காசு கொடுத்துப் போட்டோம்" என்றார்.

ரங்கூனில் எத்தனை வருடமாக இந்த பைண்டிங் தொழில் செய்கிறேனோ அத்தனை வருடமாக இந்த வார்த்தையைக் கேட்கிறேன். புத்தகம் மாதிரி. ஸ்பைரல் என்றால் மாணவர்களுக்கு, கம் பைண்டிங் என்றால் கம்பெனிக்கு என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அது தப்பு. உங்கள் அறிக்கை புத்தகம் இல்லை.

கதைப் புத்தகத்தை எப்படிப் படிக்கிறோம்? கையில் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை. முழுக்க ஒரே வகைத் தாள், அதுவும் பசையை நன்றாகக் குடிக்கிற சொரசொரப்பான தாள். கம்பெனி அறிக்கையை அப்படி யாரும் படிப்பதில்லை. மேசையில் மலர்த்திப் போடுகிறார்கள், 12-ஆம் பக்கத்தையும் 70-ஆம் பக்கத்தையும் மாறி மாறிப் புரட்டுகிறார்கள், நகலெடுக்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள். உள்ளே இருக்கும் தாளும் ஒரு வகை இல்லை. 80 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) வெள்ளைத் தாள், நடுவில் கலர் படங்களுக்கு வழுவழுப்பான ஆர்ட் பேப்பர், எங்கிருந்தோ எடுத்த நகல்கள், நாலாக மடித்த ஒரு வரைபடம்.

கம் பைண்டிங்கில் நூலும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒவ்வொரு தாளும் தன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பசையை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் பசை தாளின் நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். அதற்காகத்தான் முதுகை மில்லிமீட்டர் கணக்கில் சீவிச் சொரசொரப்பாக்குகிறோம். ஆர்ட் பேப்பரின் மேல் பூச்சு இருப்பதால் இ.வி.ஏ என்ற சாதாரணச் சூட்டுப் பசை நாருக்குள் சரியாக இறங்காது. கடையில் வாங்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். நாலு தடவை விரித்தால் முதலில் கழன்று வருவது அந்தக் கலர் பக்கம்தான். அந்தத் தம்பியின் அறிக்கை விண்டதும் சரியாகக் கலர் பக்கத்தில்தான்.

இதோடு எங்கள் ஊர் மழையையும் சேர்த்துப் பாருங்கள். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை காற்றே ஈரம். தாள் ஈரத்தை இழுத்தால் நாருக்குக் குறுக்காக உப்பும். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் பரவாயில்லை. குறுக்கே ஓடினால் பசை போட்ட பக்கம் நகர முடியாமல் நிற்க, மற்ற பக்கம் அலை அலையாக நெளியும், பசைக்கும் தாளுக்கும் இழுபறி நடக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு தாளை நீளவாக்கில் ஒரு தடவையும் அகலவாக்கில் ஒரு தடவையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்பு போகும் திசைதான் நாரின் திசை. தாள் வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

பி.யு.ஆர் என்று இன்னொரு பசை இருக்கிறது. ஆர்ட் பேப்பரையும் பிடிக்கும், நன்றாக வளைந்தும் கொடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும், முழுப் பலம் வர ஒரு நாளாவது விட வேண்டும். அதற்கான இயந்திரம் சின்னக் கடைகளுக்குக் கட்டுப்படியாகாது. யாராவது "பி.யு.ஆர் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்" என்றால் யோசியுங்கள்.

கம் பைண்டிங் மோசம் என்று நான் சொல்லவில்லை. பூச்சில்லாத ஒரே வகைத் தாளில், நூறு தாளுக்கு மேல், மலர்த்திப் படிக்கத் தேவையில்லாத கம்பெனி வரலாறு மாதிரி ஒன்று என்றால் நானே அதைத்தான் சொல்வேன். கோயில் கும்பாபிஷேக மலர் போடும் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்ட் பேப்பரில் அச்சடிக்கிறீர்கள், பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்க வேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் நூல் தையல் போடுங்கள். செலவு கூடும், ஆனால் இதற்கு அதுதான் சரி.

அப்புறம் இந்த ஸ்பைரல் என்ற பெயர். போனில் "ஸ்பைரல் போடணும்" என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் மூன்று வேறு சாமான்களுக்கும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். சீப்பு மாதிரிப் பல் வைத்த பிளாஸ்டிக் ஒன்று. அது கோம், ஏ4 தாளுக்கு 21 பல். பிரித்துத் தாளைச் சேர்க்கலாம், எடுக்கலாம். மாதாமாதம் மாறும் விலைப்பட்டியலுக்கு இதைவிட நல்லது இல்லை. இரட்டைக் கம்பி போட்டது வைரோ. மேசையில் தட்டையாகக் கிடக்கும், பின்பக்கம் முழுக்க மடங்கும், பார்க்கவும் கம்பீரம். வாடிக்கையாளர் முன்னால் வைக்கும் அறிக்கைக்கு என் முதல் யோசனை இதுதான். ஆனால் பையில் நசுங்கினால் கம்பி கோணிப்போகும். சுருள் சுருளாக ஒரே பிளாஸ்டிக் கம்பி ஓடுவதுதான் உண்மையான ஸ்பைரல். நசுக்கினாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், அதனால் தபாலில் போவதற்கும் லாரி டிரைவர் கையில் இருப்பதற்கும் ஏற்றது. இரண்டு பக்கத்துக்குச் சேர்த்து ஓடும் அட்டவணையை மட்டும் இதில் போடாதீர்கள், திறந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் மேலேறி நிற்கும்.

ஒப்பந்தம், டெண்டர் இரண்டுக்கும் கோம் போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். கோமைப் பிரித்து ஒரு பக்கத்தை மாற்றி வைக்க அரை நிமிடம் போதும், மாற்றிய தடமே தெரியாது. நூல் தைத்து முடிச்சின் மேல் முத்திரை வையுங்கள், அல்லது இரண்டு பிளாஸ்டிக் பட்டைக்கு நடுவில் தாளை இறுக்கி, பிரித்தால் உடைந்து காட்டும் ஸ்ட்ரிப் பைண்டிங் போடுங்கள். அதற்கும் முன்னால், டெண்டர் கேட்பவர் எப்படிக் கட்டச் சொல்லியிருக்கிறார் என்று அவர்கள் கொடுத்த தாளைப் படியுங்கள். அதைப் படிக்காமல் என்னிடம் வந்து அழகைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். நிதியாண்டு மார்ச்சில் முடிந்ததும் ஆடிட் அறிக்கைகள் குவியும், உடனே ஆபீசுக்கே ஒரு மிஷின் வாங்கிவிடலாம் என்று கிளம்புவார்கள். கோம் மிஷின் பெட்டியின் மேல் 450 தாள் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது கட்டும் அளவு, அதாவது 51 மி.மீ கோமுக்குள் எவ்வளவு தாள் அடங்கும் என்பது. ஒரே தடவையில் துளை போடும் அளவு வேறு. அது பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 12 என்று இருக்கும். அதுவும் புது மிஷினில், 80 ஜி.எஸ்.எம் தாளுக்கு. நான் எப்போதும் மூன்றில் இரண்டு பங்குதான் வைப்பேன், எட்டுத் தாள். 300 தாள் அறிக்கை மூன்று பிரதி என்றால் 900 தாள், நூற்றுப் பத்துக்கு மேல் கைப்பிடியை இழுக்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 450 தாளை ஒரே கோமில் கட்டவும் வேண்டாம், தூக்கும்போதே பல் வழுக்கித் திறந்துகொள்ளும். இருநூறு தாண்டினால் இரண்டு தொகுதியாகப் பிரியுங்கள்.

வைரோ மிஷின் வாங்குபவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்குலத்துக்கு மூன்று துளை போடும் மிஷின் 14 மி.மீ கம்பி வரைதான், சுமார் 120 தாள். அதைவிடத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இரண்டு துளை வேண்டும், பெரும்பாலும் அது தனி மிஷின். உங்கள் ஆபீசில் அதிகம் போகும் அறிக்கை எத்தனை தாள் என்று எண்ணிப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

கரண்ட் போவதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் மிஷின் வாங்கும்போது மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கையால் இழுக்கும் பஞ்ச் இருட்டிலும் வேலை செய்யும். சூட்டுப் பசை மிஷின் அப்படியில்லை. பசை 160, 170 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் ஆறிவிடும், திரும்பச் சூடாக்க வேண்டும். இப்படி ஆறி ஆறிச் சூடான பசை பழுப்பேறி, காய்ந்தபின் மொறுமொறுவென்று உடையும். சின்ன ஆபீசுக்குச் சூட்டுப் பசை மிஷின் வேண்டவே வேண்டாம். அந்த வேலையை வெளியே கொடுங்கள்.

பிளாஸ்டிக் அட்டையைத் தாளோடு சேர்த்துத் துளைக்காதீர்கள், ஒவ்வொன்றாகத் தனியே போடுங்கள். பஞ்ச் துகள் தட்டைத் தினமும் கொட்டுங்கள். லீகல் தாளும் ஏ4-உம் மாறி மாறி வரும் ஆபீஸ் என்றால், ஓரத்து ஊசிகளை இழுத்துவிட வசதியுள்ள மிஷினாகப் பாருங்கள். இல்லையென்றால் தாளின் விளிம்பில் அரைத் துளை விழுந்து கிழியும். வைரோவை அழுத்தும்போது கம்பியின் வாய், பின் அட்டைக்கும் கடைசித் தாளுக்கும் நடுவில் மறைய வேண்டும், வெளியே தெரிந்தால் வேலை தெரியாதவர் போட்டது என்று அர்த்தம்.

இதெல்லாவற்றையும்விட முக்கியம் இடது ஓரம். 25 மி.மீ விடுங்கள். கணினியில் பக்கம் அமைக்கும்போதே விடுங்கள், அச்சடித்த பிறகு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

அந்தத் தம்பியின் அறிக்கைக்கு நேர்ந்ததும் இதுதான். பசை ஒட்டிய ஓரத்தை 4 மி.மீ வெட்டி எடுத்துவிட்டு வைரோ போடலாம் என்று அளந்து பார்த்தேன். அவர்கள் விட்டிருந்த ஓரம் போதவில்லை. வெட்டிய பிறகு துளை போட்டால், அட்டவணைகளில் இடதுபக்கம் இருந்த தொகையின் முதல் எண்ணில் போய் விழும். கடன் கேட்கும் தாளில் தொகையின் முதல் எண் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? அறுபது பக்கத்தை ஓரம் மாற்றித் திரும்ப அச்சடித்து, கலர் பக்கங்களையும் சேர்த்து வைரோவில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் போனது. அவர் முதலாளியிடம் வாங்கிய திட்டு தனி.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அச்சடிப்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் எந்த பைண்டரிடமாவது ஒரு தடவை போங்கள். எத்தனை தாள், என்னென்ன தாள், யார் கைக்குப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் வந்தால் அதே கனத்தில் வெறுந்தாளை வைத்து ஒரு மாதிரி கட்டிக் காட்டுவேன். விரித்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பிறகு முடிவு செய்யலாம். மாதிரிக்குக் காசு வாங்குவதில்லை.