புரோட்டியா: சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியைப் ‘புரோட்டியாஸ்’ என்று வர்ணனையில் கேட்டுப் பழகியிருப்போம். அந்தப் பெயருக்குரியது ஒரு பூ. தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான கிங் புரோட்டியாவும் அதன் ஒரு வகைதான். அந்த நாட்டின் தென்மேற்கு முனையான கேப் பகுதியில் இதை வீட்டுத் தோட்டத்துப் புதராகவே வளர்க்கிறார்கள்.

புரோட்டியா என்பது ஒரு தாவரப் பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியின், பெயர். ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் தடித்த, தோல் போன்ற இலைகள் இதற்கு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, எல்லாமே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை கேப் பகுதியில்தான் இருக்கின்றன.

பெயரைத் தந்தவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். கிரேக்கப் புராணத்தில் புரோட்டியஸ் என்றொரு கடல் தெய்வம் உண்டு. யாராவது பிடித்துக்கொண்டால் சிங்கமாக, பாம்பாக, நீராக, மரமாக உரு மாறிக்கொண்டே இருப்பான். இந்தச் செடிகளின் வகை வகையான தோற்றத்தைக் கண்டு அவன் பெயரையே வைத்தார். பெயரும் அப்படியே உரு மாறியது. 1753இல் லின்னேயஸ் ‘புரோட்டியா’ என்ற பெயரில் சேர்த்த வெள்ளி மரம் இன்று லூக்கடெண்ட்ரான் பேரினத்தில் இருக்கிறது. அன்று அவர் லூக்கடெண்ட்ரானில் வைத்த கிங் புரோட்டியாவை, 1771இல் அவரே புரோட்டியாவுக்கு மாற்றினார். இன்று நாம் கொள்ளும் பொருள் அந்த 1771ஆம் ஆண்டுப் பொருள்தான்.

சிலர் இதைப் புரோட்டீனோடு, அதாவது புரதத்தோடு, சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் ‘முதல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் இருப்பதாகச் சொல்வார்கள். மற்றபடி செடிக்கும் சத்துக்கும் உறவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? கிரேக்கப் பொருளை வைத்துப் ‘பல்லுருப்பூ’ என்று ஆக்கலாம். எனக்கு அதில் நிறைவில்லை. தோட்டத்தில் ஒரே ஒரு புதரின் முன் நிற்பவருக்குப் பல உரு எங்கே தெரியப்போகிறது? கேப் மக்கள் வைத்த பெயர் இன்னும் நெருக்கமானது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘சேய்கர்பொஸ்’ என்பார்கள், சர்க்கரைப் புதர் என்று பொருள். குறிப்பாக ரெப்பன்ஸ் என்ற இனத்தின் பூவுக்குள் தேன் தேங்கி நிற்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்தத் தேனைச் சேகரித்துக் காய்ச்சிப் பாகாக்கி, இருமலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீண்ட வாலுள்ள கேப் சர்க்கரைப் பறவை இந்தத் தேனைத் தேடித்தான் வருகிறது. நமக்குத் தேன்சிட்டு என்ற சொல் இருப்பதால், ‘தேன்புதர்’ என்று சொன்னால் காதுக்கு இயல்பாக இருக்கும். பேச்சுக்குத் தேன்புதர், பேரினத்தைக் குறிக்கும்போது புரோட்டியா என்பதே என் பரிந்துரை.

பூ என்று சொல்வதும் கொஞ்சம் தளர்வான வழக்குதான். கிங் புரோட்டியாவில் 30 செ.மீ. அகலம் வரை விரிவது தனிப் பூவல்ல, சிரமஞ்சரி, அதாவது பல சிறு பூக்கள் சேர்ந்த பூத்தலை. இதழ் போலத் தெரியும் இளஞ்சிவப்புப் பட்டைகள் பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் சிறியவை, நடுவே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விரியாத மொட்டைப் பார்த்தால் கூனைப்பூவேதான் (ஆர்ட்டிச்சோக் என்ற காய்கறி). அந்த இனத்தின் அறிவியல் பெயரான சைனராய்டிஸுக்கும் ‘கூனைப்பூ போன்றது’ என்பதுதான் பொருள்.

வளர்ப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் ‘கொத்துவேர்’. 1960இல் இவ்வகை வேர்களுக்குப் புரோட்டியாவின் பெயரையே சேர்த்துப் ‘புரோட்டியாய்டு வேர்’ என்று பெயரிட்டார்கள். மேல்மண்ணை ஒட்டி, மயிரிழை போன்ற வேர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். சத்தில்லாத மணலிலிருந்து கொஞ்சநஞ்ச மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கரைத்து உறிஞ்சுவதற்கான ஏற்பாடு அது. நல்ல சத்துள்ள மண்ணில் அதே திறமை செடிக்கு எதிரியாகிவிடும். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள், கோழி எரு என்று அன்போடு போட்டால் மணிச்சத்து அளவுக்கு மிஞ்சி இலை மஞ்சளாகும், ஓரம் கருகும், செடியே போய்விடலாம். ஆகவே உரம் போடாமல் இருப்பதே நல்லது.

நீர் தேங்காத, அமிலத்தன்மையுள்ள மணற்பாங்கான மண், நாள் முழுதும் வெயில், காற்றோட்டம் மூன்றும் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வடிகால் சரியில்லாத இடத்தில் ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிரி வேரை அழுகச் செய்யும். களை எடுக்கும்போது அடியைக் கொத்தவே கூடாது, கொத்துவேர் அறுந்துவிடும். கையால் பிடுங்கிவிட்டு மரப்பட்டைத் தூளால் மூடாக்கு போட்டால் போதும். பூ முடிந்தபின் கவாத்து செய்யும்போது, இலையுள்ள தண்டைக் கொஞ்சம் விட்டே வெட்ட வேண்டும். இலையற்ற முதிர்ந்த கட்டையிலிருந்து பெரும்பாலான இனங்கள் துளிர்க்காது. கிங் புரோட்டியா விதிவிலக்கு. அதன் அடித்தண்டு மண்ணுக்கடியில் பருத்துக் கிடக்கும், காட்டுத்தீக்குப் பிறகும் அங்கிருந்து தளிர் விடும்.

புரோட்டியா அடங்கும் தாவரக் குடும்பத்தின் பெயர் புரோட்டியேசியே. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தாலும், இதே குடும்பம்தான். அதற்கும் கொத்துவேர் உண்டு.