இதய மடையை மூடும் சுழல்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய தந்தைக்கு 64 வயது. சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. மதுரையில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்தவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி, அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து வாரம் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் பல் மருத்துவரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். "வால்வு அவ்வளவு மோசம் என்றால் ஐந்து வாரம் எப்படித் தாங்கும்? தாங்கும் என்றால், ஆடி கழியட்டும் என்று பெரியப்பா சொல்வதில் என்ன தவறு? பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டுமானால், அந்த வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத்துக்கு நான்கு அறைகள், நான்கு வால்வுகள் என்பது பள்ளியில் படித்ததுதான். இடது கீழறை இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும் வாசலில் இருப்பதே பெருந்தமனி வால்வு. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத மூன்று இதழ்கள் அதற்கு உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன.

திறப்பதில் வியப்பு எதுவும் இல்லை. அழுத்தம் வந்தால் கதவு திறக்கும். மூடுவதுதான் அதிசயம். இவ்விதழ்களை இழுத்து மூடத் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. வெளியேறிய இரத்தம் திரும்பி வந்து மோதி மூடுகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியானால் ஒவ்வொரு துடிப்பிலும் கணிசமான இரத்தம் பின்னால் ஒழுகியிருக்க வேண்டும். இதழ்களும் படீரென்று அறைபட்டுச் சில ஆண்டுகளில் கிழிந்திருக்க வேண்டும். இரண்டும் நடப்பதில்லை.

கண்மாயில் மடை திறந்தவுடன் வாய்க்காலின் தலைமாட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நடுவில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும்; வாய்க்கால் அகலும் இடத்தில் இரு ஓரங்களிலும் அது பின்னோக்கித் திரும்பிச் சுழலும். சருகும் நுரையும் அந்தச் சுழலில் அகப்பட்டு, போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும். பெருந்தமனியின் அடிப்பகுதியிலும் இப்படிப்பட்ட அகன்ற இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் தமனியின் சுவர் சிறு கிண்ணம்போலப் புடைத்திருக்கிறது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் வல்சால்வாவின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. இரத்தம் நடுவில் பாயும்போது, ஓரத்து இரத்தம் இக்கிண்ணங்களுக்குள் புகுந்து சுழல்கிறது. திறந்த இதழ் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் அந்தச் சுழல் அதைப் பின்னாலிருந்து தாங்கி நிற்கிறது.

இனி, கீழறை தள்ளுவதைத் தளர்த்தும் கணத்தைக் கவனியுங்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்குள் நுழையும் பேருந்தில் ஓட்டுநர் பிரேக் பிடித்தால், நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து, முன்பக்கம் நெரிசலாகும். இரத்தத்துக்கும் அதே உந்தம் உண்டு. அது இன்னும் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெருந்தமனிப் பக்கத்து அழுத்தம் கீழறை அழுத்தத்தை மிஞ்சிவிடுகிறது. நடுவோட்டம் தளரத் தளர, கிண்ணங்களில் சுழன்றுகொண்டிருக்கும் இரத்தம் இதழ்களை மெல்ல உள்ளே தள்ளுகிறது. ஓட்டம் நிற்பதற்கு முன்பே வால்வு பெருமளவு மூடியிருக்கும். திரும்பி வரும் சிறு துளி இரத்தம் மிச்ச இடைவெளியை அடைத்துவிடும். மூடியபின் அறைவதற்குத் தூரமே இருப்பதில்லை.

இதை முதலில் கண்டவர் ஓவியர் லியனார்டோ டாவின்சி. 1513 வாக்கில் மாட்டு இதயங்களை அறுத்து ஆராய்ந்த அவர், இந்தச் சுழல்களை வரைந்தார். பெருந்தமனியின் மாதிரியைக் கண்ணாடியில் செய்து, தண்ணீரில் புல்விதைகளைக் கலந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று குறிப்பும் எழுதிவைத்தார். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதையே ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628இல்தான் எழுதினார் என்பதை நினைத்தால், சுற்றோட்டம் தெரியாத ஒருவர் சுழலைக் கண்டது எனக்கு இன்றும் நம்ப முடியாததாகவே இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் பெல்ஹவுஸ் என்பவர் மாதிரி வால்வு செய்து சோதித்தபோது, லியனார்டோ வரைந்த சுழல்கள் அப்படியே தெரிந்தன. மூடும் வேலையில் சுழலின் பங்கு எவ்வளவு, ஓட்டம் தளர்வதால் வரும் அழுத்தத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் பின்னர் எழுந்தது. இரண்டும் கூடியே வேலை செய்கின்றன என்பதே என் புரிதல்.

வாசகரின் தந்தைக்கு நேர்ந்திருப்பது, இந்த மெல்லிய இதழ்களில் கால்சியம் படிந்து அவை கல்லாகிப் போனது. வயதால் வரலாம், நூறில் ஒருவர் அல்லது இருவர் மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ்களோடு பிறக்கிறார்கள், அவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரலாம், சிறு வயதில் வாத காய்ச்சல் கண்டிருந்தாலும் வால்வு கெடலாம். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான சுருக்கம் என்பார்கள். வாசல் குறுகினாலும் போக வேண்டிய இரத்தம் குறையாது. ஆகவே வேகம் கூடுகிறது. எக்கோ கருவி அளப்பது அந்த வேகத்தைத்தான். நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற எண்ணை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால், வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரச அளவில் கிடைத்துவிடும். நலமான வால்வில் வேகம் 1 மீட்டர் அளவு, வித்தியாசம் 4. கடுமையான சுருக்கத்தில் 4 மீட்டர், வித்தியாசம் 64. கையில் 120 காட்டும் மனிதரின் இதயம் உள்ளே 170, 180 என்று முக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஐந்து வாரம் தாங்குவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கால்சியம் பல ஆண்டுகளாகப் படிந்தது. கீழறைத் தசையும் அதற்கு ஈடுகொடுத்துத் தடித்துவந்திருக்கிறது. நிலைமை சீராக இருக்கும் ஒருவருக்கு, கரோனரி ஆஞ்சியோகிராம், இரத்தப் பரிசோதனைகள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல், இரத்தம் தருவோரைத் திரட்டுவது என்று சில வாரங்கள் செலவாவதை மருத்துவர்கள் கணக்குப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். ஆனால் அறிகுறி தோன்றிவிட்டது என்பதன் பொருள், தசையின் கையிருப்பு தீர்ந்துவருகிறது என்பது. 1968இல் ராஸ், பிரான்வால்ட் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, வால்வை மாற்றாவிட்டால் நெஞ்சுவலி தொடங்கியவர்கள் சராசரியாக 5 ஆண்டும், மயங்கி விழுந்தவர்கள் 3 ஆண்டும், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியவர்கள் 2 ஆண்டுமே வாழ்ந்தார்கள். மருத்துவர் குறித்த ஐந்து வாரம் வேறு, பஞ்சாங்கம் பார்த்துத் தள்ளிப்போடும் மாதம் வேறு. பெரியப்பாவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அழுத்த வித்தியாசம் 64 என்று காட்டும் வால்வுக்கு ஆடியும் ஆவணியும் தெரியாது.

காத்திருக்கும் நாட்களில் மாடிப்படி, சுமை தூக்குதல், மலைக்கோயில் எல்லாம் வேண்டாம். உழைக்கும்போது கை கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் விரியும். குறுகிய வாசலால் கூடுதல் இரத்தம் அனுப்ப முடியாது. அழுத்தம் சரிந்து ஆள் மயங்கிவிடுவார். இதே காரணத்தால், நெஞ்சுவலி என்றதும் வீட்டில் இருக்கும், இரத்தக் குழாய்களை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைத் தாமாகவே நாக்குக்கு அடியில் வைப்பது இவருக்கு ஆபத்தாகலாம். மயக்கமோ, படுத்தால் மூச்சுத் திணறலோ வந்தால் குறித்த நாளுக்காகக் காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பல் விஷயம் சுருக்கமானது. சொத்தைப் பல்லிலும் வீங்கிய ஈறிலும் வாழும் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்து, புதிய வால்வில் குடியேறினால் அகற்றுவது பெரும்பாடு. அதனால்தான் பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிப் புண்ணை ஆறவிடுகிறார்கள்.

புதிய வால்வு மாட்டு இதய உறை போன்ற திசுவால் ஆனதாக இருக்கலாம், உலோக வால்வாகவும் இருக்கலாம். உலோக வகையில் நம் நாட்டில் உருவான சித்ரா வால்வை இங்கே சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான அதன் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாகத் தோல்விக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அரசு நிறுவனம் அன்று இருந்தது. இரண்டே ஆண்டில் பலன் காட்டு என்று கேட்கும் இன்றைய நிதி ஒதுக்கீட்டில் அந்த நான்காவது மாதிரி பிறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

உலோக வால்வு பொருத்தினால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் உண்டு. கீரை அம்மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதை ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று சாப்பிடாமல் ஒரே அளவாகச் சாப்பிடும் ஒழுங்கும் வேண்டும். உலோக வால்வில் இதழ்களுக்குப் பதிலாக இருக்கும் தகடு பெரும்பாலும் திரும்பி வரும் இரத்தத்தால் மூடுவது. இதழ்களைப் போலச் சுழலின் கைப்பிடியில் மெல்ல வந்து சேர்வதில்லை. ஆகவே இரவில் வீடு அடங்கியபின், தந்தையின் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரம்போல டிக், டிக் என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று வாசகருக்கு எழுதியிருக்கிறேன்.