கோழி தின்னவில்லையா? வாயைத் திறந்து ஊற்றாதீர்கள்

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா பிஸ்கட் பெட்டிக்குள் தன் முட்டைக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகத் தீன் எடுக்கவில்லை என்று அரிசிக் கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் அடித்திருக்கிறார். பெட்டியைத் திறக்கும்போதே மூச்சு கொறகொறவென்றது. கஞ்சி நுரையீரலுக்குள் போயிருந்தது, மாலைக்குள் செத்துவிட்டது. பாசத்தில் செய்ததுதான், அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோழியின் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல், நமக்கு இருப்பதுபோல் அதன்மேல் மூடி கிடையாது. தலையை நிமிர்த்தி எதை ஊற்றினாலும், மஞ்சளும் சின்ன வெங்காயமும் உருட்டித் திணித்தாலும், அந்த வழியாகப் போகக்கூடும்.

சரி, வேறு என்ன செய்வது? முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள். சிறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றால் அதற்குக் குளிர்கிறது (நல்ல கோழியின் உடம்புச் சூடு 41 பாகைக்கு மேல்), துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை ஒரு பக்கத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் பெரும்பாலும் வெக்கை. ஏப்ரல் மாதக் கொழும்புப் புழுக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே அடைத்த கோழி தின்னாமல் இருப்பதில் அதிசயமே இல்லை, நிழலும் காற்றும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. தீனைவிடத் தண்ணீர்தான் அவசரம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்த தண்ணீரை ஒரு கிண்ணத்திலும் வெறும் தண்ணீரை இன்னொன்றிலும் வைத்து, அலகின் நுனியை மட்டும் நனைத்து விடுங்கள். உயிர்ப்பு இருந்தால் தானாகவே விழுங்கும்.

அப்புறம், காலையில் தீன் வைக்கும் முன் கழுத்தடியில் உள்ள தீன்பையைத் தடவிப் பாருங்கள். இரவோடு அது காலியாகியிருக்க வேண்டும். கல்லுப்போல் இருந்தால் புல்லோ நாரோ அடைத்திருக்கும், தண்ணீர்ப் பைபோல் தளதளத்து வாயில் புளித்த நாற்றம் வந்தால் உள்ளே புளித்துப்போயிருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வெளியேற்றுவதைச் சிலர் காணொளி பார்த்துச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கஞ்சி ஊற்றுவதில் உள்ள அதே ஆபத்துத்தான்.

வாலைத் தாழ்த்தி நின்று முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். இளஞ்சூட்டு நீரில் அடிப்பாகம் மூழ்கும்படி 15, 20 நிமிடம் வைத்துப் பாருங்கள், வயிற்றை அமுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் பிழைப்பது கஷ்டம். இறங்காவிட்டால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

எச்சம் பச்சையாக இருப்பதைப் பார்த்து உடனே வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற கொடிய தொற்றுநோய்) என்று முடிவுகட்ட வேண்டாம். வயிறு காய்ந்தால் பித்தம் மட்டும் இறங்கி அந்த நிறம் வரும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசையை உடைத்துப் போடுவதும் வேண்டாம். பல மருந்துகள் முட்டைக்குள் போகும், அந்த முட்டையைத் தின்னப்போவது உங்கள் பிள்ளை.

ஆனால் கழுத்து முறுகி, மூச்சிரைத்து, ஒரே கிழமைக்குள் ஒன்றுக்குமேல் செத்தால் அது வேறு கதை. மிச்சக் கோழிகளை விற்கவோ அறுக்கவோ வேண்டாம். உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததைக் கால்வாயில் எறியாமல் இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் போட்டு, உறைந்துவிடாமல் வைத்திருங்கள். மிருக வைத்தியர் அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும், உறைந்த உடம்பில் பாதி அடையாளம் அழிந்துவிடும்.