கல் நிலத்தில் தண்ணீர் எங்கே போகிறது?

மழை நின்று நாலைந்து நாள் ஆன ஒரு கல்மேட்டில், உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சுற்றிலும் மண் காய்ந்து வெளுத்திருக்கும். கல் கிடந்த இடம் மட்டும் பெரும்பாலும் கறுத்து ஈரமாக இருக்கும். மெல்லிய வேர்கள் சில அந்த ஈரத்தைத் தேடி அங்கே படர்ந்திருக்கும். கல் நிறைந்த மேய்ச்சல் நிலத்தை 'ஒன்றுக்கும் உதவாத தரை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உழவுக்கு உதவாது, சரி. ஆனால் அங்கே புல் முளைக்கிறது, கால்நடைகள் மேய்கின்றன, புதர்கள் வறட்சியையும் தாண்டி நிற்கின்றன. இது எப்படி முடிகிறது என்று பார்த்தால், எல்லாம் தண்ணீர் போகும் வழியில் வந்து நிற்கிறது.

முதலில் எது கல், எது மண் என்று பிரித்துக்கொள்வோம். மண்ணியலாளர்களுக்கு இதற்கு ஒரே ஒரு சல்லடை போதும். அதன் கண் 2 மில்லிமீட்டர். அதில் இறங்குவது மணல், வண்டல், களி சேர்ந்த நுண்மண், தங்குவது கல். தங்குவதில் 75 மில்லிமீட்டர் வரை சரளை, அதற்கு மேல் 250 வரை உருண்டைக்கல், அதையும் தாண்டினால் பெருங்கல், பாறாங்கல். அமெரிக்க மண் வகைப்பாட்டில், கன அளவில் 35 சதவீதமும் அதற்கு மேலும் கல் இருந்தால் அந்த மண்ணின் பெயரோடு 'எலும்புக்கூடு' என்ற பொருளுள்ள அடைமொழி சேர்ந்துவிடும். பொருத்தமான பெயர்தான். கல் எலும்பு என்றால், நுண்மண் சதை. சத்து, ஈரம், நுண்ணுயிர் எல்லாம் பெரும்பாலும் சதையில்தான் இருக்கின்றன.

இங்கே பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மண் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், ஆய்வகம் கற்களைச் சலித்து ஒதுக்கிவிட்டு நுண்மண்ணை மட்டும்தான் சோதிக்கும். கன அளவில் பாதி கல்லாக இருக்கும் நிலத்தில், அந்த அறிக்கையிலுள்ள சத்தை மொத்த ஆழத்துக்கும் கணக்கிட்டால் விடை இரண்டு மடங்காக வரும். இருப்பதோ அதில் பாதிதான்.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். 50 சென்டிமீட்டர் ஆழமுள்ள, கல்லே இல்லாத ஒரு மண்ணை எடுத்துக்கொள்வோம். செடி உறிஞ்சக்கூடிய தண்ணீர் அதன் கன அளவில் 15 சதவீதம் என்றால், மொத்தம் 75 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீரை அது பிடித்து வைக்கும். அதே ஆழத்தில் பாதி இடத்தைக் கல் அடைத்துக்கொண்டால் சேமிப்பு 37.5 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பானை பாதியாகிவிட்டது. கல் நிலத்துக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் பானை சுருங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. எனக்கு இந்த மண்ணின் மீது மரியாதை வந்ததே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். நன்றாகக் காய்ந்த நிலத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்து, முழுதும் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லில்லாத மண்ணில் அது 20 சென்டிமீட்டர் ஆழத்தை நனைத்து நின்றுவிடும். பாதி கல்லுள்ள மண்ணில், கற்களுக்கிடையே உள்ள கொஞ்ச மண்ணை நனைத்துவிட்டு மேலும் கீழே இறங்கி 40 சென்டிமீட்டர் வரை போகும். வெயில் மிக வேகமாகக் காயவைப்பது மேலே உள்ள சில சென்டிமீட்டர்களைத்தான். கல்லில்லாத மண்ணில் அந்த மழையின் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர், மேல் 10 சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கிறது. கல் மண்ணில் அங்கே இருப்பது 7.5 மில்லிமீட்டர்தான். மிச்சம் 22.5 மில்லிமீட்டர் வெயிலுக்கு எட்டாத ஆழத்தில், வேர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வறண்ட பகுதிகளில், வளமானவை என்று நாம் நினைக்கும் நுண்ணிய மண்ணைவிடச் சொரசொரப்பான மண்ணில் செடிகள் நன்றாக நிற்பதை 1973-இல் இமானுவேல் நோய்-மெய்ர் என்ற சூழலியலாளர் விளக்கி எழுதினார். பின்னர் 1988-இல், அமெரிக்காவின் பெரும் சமவெளிப் புல்வெளிகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு ஓர் எல்லையையும் காட்டியது. ஆண்டு மழை 370 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள இடங்களில் மணற்பாங்கான மண்ணிலும், அதற்கு மேல் போனால் தண்ணீரை நிறையப் பிடிக்கும் மண்ணிலும் விளைச்சல் அதிகம் இருந்தது. அவர்கள் பார்த்தது மணலை. ஆனால் கல்லும் தண்ணீரை அதே வழியில்தான் கீழே தள்ளுகிறது. ஆக, ஒரு மண் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, அங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

'நல்ல வடிகால்' என்ற சொல்லையும் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் மண் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மிக வேகமாக வடியும் மண்ணுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. நல்ல வடிகால் என்றால், தண்ணீர் சுலபமாக வடிய வேண்டும்; ஆனால் செடிக்கு வேண்டியது தங்கவும் வேண்டும். செடி வளரும் பருவத்தில் வேர்கள் மூச்சுத் திணறும் அளவுக்கு ஈரம் தேங்கக்கூடாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, ஒரு குழி தோண்டினால் போதும். காற்று நன்றாகப் போய்வரும் மண்ணில் இரும்பு துருவாக இருப்பதால் செம்மையோ பழுப்போ தெரியும். நீர் தேங்கும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து போய், சாம்பல் நிறத் திட்டுகள் விழும். கல் நிலத்தில் வடிகால் பெரும்பாலும் நன்றாக அமைவதற்கு, அது சரிவில் இருப்பது ஒரு காரணம். மண் காயும்போது சுருங்கும், கல் சுருங்காது என்பது இன்னொன்று. அப்போது கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். அடுத்த மழைக்கு அதுதான் வாய்க்கால்.

குழிக்குள் இருந்து ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். வறண்ட நாட்டில், சுண்ணாம்புச் சத்துள்ள இடமாக இருந்தால், அங்கே வெள்ளைப் பூச்சு தெரியும். மழைநீர் மேலே உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கல்லின் அடியில் தொங்கி நின்று, அங்கேயே காய்ந்துவிடுகிறது. கரைந்த சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. அந்தப் பூச்சு எந்த ஆழத்தில் தடிப்பாக இருக்கிறதோ, அந்த ஆழம் வரை மழை வழக்கமாகப் போய்ச் சேர்கிறது என்று ஊகிக்கலாம். நிலம் பழையதாக ஆக ஆகப் பூச்சும் தடிக்கும்.

மேலே கிடக்கும் கற்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. அடி நேராக மண்ணில் விழுந்தால் மண்கட்டிகள் உடைந்து, பொடி துளைகளை அடைத்து, மேலே ஒரு ஏடு கட்டிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆனால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கல்லின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே புகும். ஏடு கட்டிய தரையில் பாதி புதைந்து இறுகிய கல், ஓடு வேய்ந்த கூரை மாதிரி தண்ணீரை வழித்துவிடும்.

பாறை தட்டிய இடத்தோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சிதைந்த பாறையின் விரிசல்களிலும் நுண்துளைகளிலும் தண்ணீர் இருக்கும். வடக்குக் கலிபோர்னியாவின் ஒரு மலைச்சரிவில் நேரடியாக அளந்து 2018-இல் வெளியிட்டார்கள்: ஆண்டு மழையில் 27 சதவீதம் வரை அப்படிப் பாறைக்குள் தங்குகிறது. சாண் ஆழ மண்ணில் மரம் நிற்பதைப் பார்த்தால், அதன் வேர் எங்கே குடிக்கிறது என்று இப்போது புரியும்.

இந்த நிலத்துக்கு உள்ள பெரிய ஆபத்து, அதன் நுண்மண் குறைவாக இருப்பதுதான். 25 சென்டிமீட்டர் ஆழம், பாதி கல் என்றால், உண்மையில் அங்கே இருப்பது 12.5 சென்டிமீட்டர் நுண்மண். அதில் 1 சென்டிமீட்டர் அடித்துப் போனால் 8 சதவீதம் போய்விட்டது. ஒரு மீட்டர் ஆழமுள்ள, கல்லில்லாத மண்ணில் அதே இழப்பு 1 சதவீதம்தான். பாறை சிதைந்து இழந்த மண் திரும்ப உருவாக நூற்றாண்டுகள் ஆகும். மேய்ச்சலை எப்போது நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுப்பது என்பதை நாள்காட்டியை மட்டும் பார்த்து முடிவுசெய்வது போதாது. தரையைப் பார்க்க வேண்டும். புல் தூர்கள் சிறு பீடத்தின் மேல் வைத்ததுபோல் உயர்ந்து, பக்கவாட்டில் வேர் தெரிய நின்றால், தூர்களுக்கு நடுவிலிருந்த மண் போய்விட்டது என்று பொருள். வருடா வருடம் மேலே கல் கூடிக்கொண்டே வருவதும் அதே செய்திதான். குளிர் நாடுகளில் உறைபனி கல்லை மேலே தள்ளுவது உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் கல் எழும்பி வருவதில்லை, அதைச் சுற்றியிருந்த மண் இறங்கிப் போயிருக்கிறது.