நாவல்பழத் தோலில் இருக்கும் ஊதா

நாலு நாவல்பழத்தின் தோலை உரித்து, ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊதாத் தண்ணீர் கிடைக்கும். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் பளிச்சென்று சிவக்கும். மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் நீலமாகிப் பச்சையோடும். சற்று நேரத்தில் மங்கிவிடும்.

நிறம் மாறும் இந்தப் பொருள்தான் ஆந்தோசயனின். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சையின் தோலிலும், உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக வளர்க்கும் மல்பெரியின் கறுத்த பழத்திலும் இதே குடும்பத்து நிறமிகள்தான். மல்பெரித் தோட்டத்தில் இலைக்கு மட்டுமே விலை. வெட்டாமல் விட்ட வரப்போரச் செடியில் பழுப்பது குருவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. நல்ல பழம் அப்படி வீணாவது வருத்தம்தான்.

புளிப்பில் இந்த நிறமி உறுதியாக நிற்கும், ஆப்பசோடா போன்ற காரப்பொருளில் சிதையும். உடம்புக்குள்ளும் இதே கதைதான். இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிவிடுகிறது. சிறுகுடலில் புளிப்பு குறைந்ததும் உடையத் தொடங்குகிறது. மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிறு சிறு பீனாலிக் அமிலங்களாக நறுக்குகின்றன. உடம்புக்குள் எங்கே போகிறது என்று பின்தொடர, கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனால் அடையாளமிட்ட 500 மில்லிகிராம் ஆந்தோசயனினை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரிலும் மூச்சிலும் சேர்ந்து வந்தது சுமார் 12 சதவீதம். அதிலும் பெரும்பங்கு சிதைவுப் பொருள்கள்தான். ஆகவே 'ஆன்டி-ஆக்சிடன்ட்' ரத்தத்தில் ஓடிப்போய் நச்சைத் துடைக்கிறது என்று டப்பாவில் எழுதுவதை நம்ப வேண்டாம். அதற்கு அளவு போதாது. ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்புக்கு உதவி, குழாய் இளக வழிசெய்வதுதான் பொருத்தமான விளக்கம்.

இங்கிலாந்தில் 2019-ல் வெளியான சோதனை ஒன்றில், இதே நிறமி நிறைந்த புளூபெர்ரிப் பழம் தினம் 150 கிராமுக்கு ஈடான பொடியை ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியது. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசையாத நிலை, மட்டும் குறையவில்லை. சர்க்கரைக்கு நாவல்பழம் தின்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பழம் நல்லது, மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மல்பெரிச் சாறு எடுப்பதானால், மாவுப்பூச்சிக்கு மருந்தடித்த தோட்டமா என்று முதலில் கேளுங்கள். கால் கிலோ கறுத்த பழத்தை இட்லிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் வையுங்கள். பச்சையாக அரைத்தால் பழத்தின் நொதியே நிறமியைக் கெடுத்துப் பழுப்பாக்கும். ஆவி அந்த நொதியை முடக்கிவிடும். அதற்கு மேல் கொதித்தால் நிறமியும் போகும். ஆறியதும் அரைத்து அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். போர்த் தண்ணீரில் கலக்கினால் அதன் உப்பும் காரமும் சாற்றின் நிறத்தை மங்க வைக்கலாம். சிறுவாணி மாதிரி நல்ல தண்ணீரே சரி. இரும்பு வாணலி வேண்டாம், கறுத்துவிடும், எவர்சில்வர் போதும். எலுமிச்சையின் வைட்டமின் சி நாள்பட்டால் நிறமியைச் சிதைக்கும் என்பதால் அன்றே குடித்துவிடுங்கள்.

நாவலின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் நாக்கு இழுக்கிறது. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் அது அப்படியே பிடித்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு தின்னாமல், இரண்டு மணி நேரம் தள்ளித் தின்பது நல்லது.