மில்லேனியம்: ஆயிரமாண்டா, ஆயிரவருட அரசாட்சியா?

லத்தீன் மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம், 'அன்னுஸ்' என்றால் ஆண்டு. இரண்டும் ஒட்டிப் பிறந்ததுதான் 'மில்லேனியம்'. 17-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது நாள்காட்டிக் கணக்குக்காக நுழையவில்லை. விவிலியத்தின் கடைசி நூலில் சொல்லப்படும் கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சிக்குப் பெயராகவே வந்தது. வெறுமனே 'ஆயிரம் ஆண்டு' என்ற பொருள் அதற்கு அப்புறம்தான் ஏற்பட்டது.

கிரேக்கத்தில் ஆயிரத்துக்குக் 'கிலியா' என்று பெயர். அதனால் இந்த நம்பிக்கையைப் பழைய எழுத்தாளர்கள் 'கிலியாசம்' என்றார்கள். இந்த இரண்டு ஆயிரங்களையும் நாம் நாள்தோறும் புழங்குகிறோம். அரிசி வாங்கும் 'கிலோ' கிரேக்கத்திலிருந்து வந்தது, மருந்து அளக்கும் 'மில்லி' லத்தீனிலிருந்து வந்தது. '2கே கிட்ஸ்' என்கிறோமே, அந்தக் 'கே'யும் கிலோதான்.

சொல்லின் ஊற்றுக்கண் வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரம். கத்தோலிக்கர் வழக்கில் அந்த நூலுக்குத் திருவெளிப்பாடு என்று பெயர். ஒரு தேவதூதன் இறங்கி வந்து, சாத்தானாகிய வலுசர்ப்பத்தைப் பிடித்துக் கட்டிப் பாதாளத்தில் அடைக்கிறான். இயேசுவைப் பற்றிய சாட்சிக்காகத் தலை வெட்டப்பட்டவர்கள் "உயிர்த்து கிறிஸ்துவுடனேகூட ஆயிரம் வருஷம் அரசாண்டார்கள்". 2-ஆம் வசனம் முதல் 7-ஆம் வசனம் வரை 'ஆயிரம் வருஷம்' ஆறு முறை வருகிறது. கிறிஸ்து ஆயிரம் வருடம் ஆள்வார் என்று விவிலியம் சொல்லும் இடம் இது ஒன்றே. கி.பி., நாள்காட்டி, 1000, 2000 எதுவும் அதில் கிடையாது. அது எழுதப்பட்ட காலத்தில் கி.பி. என்ற கணக்கே பிறந்திருக்கவில்லை.

ஆக, மில்லேனியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஆயிரங்கள் கிடக்கின்றன. ஒன்று நாள்காட்டியில் எண்ணிக்கொள்வது, மற்றது கடவுளிடம் எதிர்பார்ப்பது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தே புழங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் உயிர்களே போயிருக்கின்றன.

முதலில் எதிர்பார்ப்பைப் பார்ப்போம். இன்றைய துருக்கியில் இருந்த எராப்போலியின் ஆயர் பாப்பியா, 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவர். வரப்போகும் அந்த ஆட்சியில் திராட்சை எப்படிக் காய்க்கும் என்று அவர் சொன்னதை லியோன் நகர ஆயர் இரேனியு எழுதி வைத்திருக்கிறார். ஒரு கொடிக்குப் பத்தாயிரம் கிளை, கிளைக்குப் பத்தாயிரம் கொம்பு, கொம்புக்குப் பத்தாயிரம் தளிர், தளிருக்குப் பத்தாயிரம் குலை, குலைக்குப் பத்தாயிரம் பழம். ஒரு பழத்தைப் பிழிந்தால் 25 மெத்ரெத்தா ரசம், நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். பரிசுத்தவான் ஒருவர் ஒரு குலையைப் பறிக்கக் கை நீட்டினால், பக்கத்துக் குலை "நான் இன்னும் நல்ல குலை, என்னை எடுத்துக்கொள், என்னைக் கொண்டு ஆண்டவரைத் துதி" என்று கூப்பிடுமாம்.

இதைக் குழந்தைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரேனியுவின் லியோனில் 177-ஆம் ஆண்டு கிறிஸ்தவர்கள் சித்திரவதை செய்யப்பட்டு, விலங்குகளுக்கு இரையாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்த மண்ணில் நம்மை வதைத்தார்களோ அதே மண்ணில் நாம் வயிறார உண்போம் என்ற ஏக்கம் அந்தத் திராட்சைக் குலையில் இருக்கிறது. ஆயிரவருட அரசாட்சி பிறந்தபோது அது மிரட்டும் செய்தியாக இருக்கவில்லை. துன்பப்பட்டவர்களுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

5-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இந்த வாசிப்பைத் திருப்பினார். முன்பு தானும் அப்படி நினைத்ததுண்டு என்று 'கடவுளின் நகரம்' நூலின் 20-ஆம் பகுதியில் சொல்லிவிட்டு, ஆயிரம் என்பது நிறைவின் எண், திருச்சபையின் காலம் முழுவதையும் அது குறிக்கலாம் என்று விளக்கினார். தமிழ் வாசகருக்கு இது புரியாத வாதம் இல்லை. கல்யாணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம், யாரும் உட்கார்ந்து ஆயிரம் வருடத்தை எண்ணுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பெரும்பாலும் அகுஸ்தீன் வழியே நடந்தது. மார்ட்டின் லூத்தர் வழிவந்த லுத்தரன் சபைகளும் அப்படித்தான். அவர்களின் விசுவாச அறிக்கையான 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் 17-ஆம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலக அரசைக் கைப்பற்றுவார்கள் என்ற போதனையைக் கண்டிக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்த மரபைச் சேர்ந்தவர்தான்.

ஆனாலும் ஏக்கம் அணையவில்லை, நாள் குறிக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் ஆல்ஸ்டெட் 1627-இல் எழுதிய நூலில் ஆயிரவருடம் 1694-இல் தொடங்கும் என்று கணக்குப் போட்டார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் விடிந்தது. வரலாற்றில் அதற்குப் 'பெரும் ஏமாற்றம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவான யுஸ்துஸ் யோசேப்பு, 'வித்வான் குட்டி' என்று அறியப்பட்டவர். 1875-இல் ஒரு எழுப்புதல் சபையைத் தொடங்கினார், ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்று சொன்னார். 1881 வந்தது, போனது. அந்தச் சபை 'யுயோமயம்' என்ற பெயரில் வேறு வடிவம் எடுத்தது. அவர் இயற்றிய பாடல்களை மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

இனி நாள்காட்டி ஆயிரம். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையை 525-இல் வகுத்தவர் தியோனீசியு என்ற துறவி. அந்தக் கணக்கில் சுழியம் ஆண்டு கிடையாது, கி.மு. 1-ஐ அடுத்து நேராகக் கி.பி. 1. அதனால் மூன்றாம் ஆயிரமாண்டு 2001 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. ஏரோது மன்னன் இறந்தது கி.மு. 4 என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். இயேசு பிறந்தது அவன் உயிரோடு இருந்தபோது என்று மத்தேயு எழுதுகிறார். அப்படியென்றால் அவர் பிறந்து இரண்டாயிரம் வருடம் 1990-களிலேயே சத்தமில்லாமல் முடிந்துவிட்டது!

பிறகு எப்படி 2000 இவ்வளவு அச்சத்தைக் கிளப்பியது? "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும், ஆயிரம் வருஷம் ஒருநாள்போலவும்" என்ற பேதுருவின் வசனத்தைப் படைப்பின் ஆறு நாளோடு பெருக்கினார்கள். உலகத்துக்கு ஆறாயிரம் வருட வாழ்வு, ஏழாவது ஆயிரம் ஓய்வுநாளான கிறிஸ்துவின் ஆட்சி என்று விடை வந்தது. உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் கணித்திருந்தார். அதிலிருந்து எண்ணினால் ஆறாயிரம் 1990-களின் பிற்பகுதியில் தீர்ந்துவிடுகிறது. நாள்காட்டியும் அப்போது மூன்று சுழியத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற ஒய்2கே பயம் வேறு. மில்லேனியம் என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது.

1999 ஜனவரியில், அமெரிக்காவின் டென்வரிலிருந்து வந்து எருசலேமில் இறுதிக்காலத்துக்காகக் காத்திருந்த ஒரு குழுவை இஸ்ரேல் நாடுகடத்தியது. உகாண்டாவில் நடந்தது கொடுமை. 1999 முடிவதோடு உலகமும் முடியும் என்று போதித்த ஓர் இயக்கத்தை நம்பி, மக்கள் சொத்துகளை விற்றுக் கொடுத்திருந்தார்கள். நாள் பொய்த்தது. 2000 மார்ச் 17 அன்று கனுங்கு என்ற ஊரில் அவர்களின் ஜெபக்கூடம் தீயில் எரிந்து, குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்ற வசனம் அவர்கள் கையில் இருந்த விவிலியத்திலும் இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாள்காட்டிப் பொருளுக்கு 'ஆயிரமாண்டு' போதும். நூற்றாண்டு என்று இயல்பாகச் சொல்கிற நாம் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. 2000-ஐ ஒட்டிப் பத்திரிகைகள் வழங்கிய 'புத்தாயிரம்' அழகான சொல், வரலாற்று நடையில் 'மூன்றாம் ஆயிரமாண்டு' இன்னும் துல்லியம். 1999 நவம்பரில் டில்லி வந்த போப் இரண்டாம் ஜான் பால், மூன்றாம் ஆயிரமாண்டில் ஆசியாவில் விசுவாசத்தின் பெரும் அறுவடையை எதிர்பார்த்துப் பேசினார். அங்கே அவர் சொன்னது நாள்காட்டி ஆயிரத்தை. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரத்தைக் கொண்டுவந்து அதில் ஒட்டினால் பேச்சே திரிந்துவிடும்.

விவிலியப் பொருளுக்குச் சீர்திருத்த, பெந்தெகொஸ்து சபைகளின் வழக்கான 'ஆயிரவருட அரசாட்சி' நன்றாக வேரூன்றிய சொல். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'ஆயிரமாண்டு ஆட்சி'. சோழர் கல்வெட்டுகளில் மன்னனின் ஆட்சிக்கணக்கு 'யாண்டு' என்றே வரும், ஆகவே ஆண்டும் ஆட்சியும் சேர்ந்து நிற்பது தமிழுக்குப் பழகியதுதான். எதைத் தேர்ந்தாலும் 'ஆட்சி' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதன் கிளைச்சொற்கள். கிறிஸ்து வந்த பிறகு ஆயிரவருடம் தொடங்கும் என்பது ஒரு கொள்கை. இரகசிய வருகை (விசுவாசிகளை எடுத்துக்கொள்ள), உபத்திரவ காலம் (பெருந்துன்பக் காலம்), பகிரங்க வருகை (எல்லாரும் காண), அப்புறம் அரசாட்சி என்று நம் கன்வென்ஷன் மேடைகளில் கேட்கும் வரிசை இதன் ஒரு வகை, 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியது. இதை 'ஆயிரவருடத்துக்கு முன்வருகை' எனலாம். நற்செய்தி பரவி உலகம் திருந்தி, ஆயிரவருடம் நிறைவேறிய பிறகு அவர் வருவார் என்பது 'பின்வருகை'. இங்கே முன்னும் பின்னும் வருகையைக் குறிப்பதால் அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும். மூன்றாவதாக, அகுஸ்தீன் வழியினரை ஆங்கிலத்தில் 'அ' என்ற எதிர்மறை முன்னொட்டுப் போட்டு 'அமில்லேனியல்' என்று அழைக்கிறார்கள். அதை அப்படியே 'ஆயிரவருட மறுப்பாளர்' என்று தமிழாக்குவது அநியாயம், ஏனென்றால் அவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை மறுக்கவில்லை, அந்த ஆட்சி இப்போதே நடந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். 'நிகழ்கால ஆட்சிக் கொள்கை' என்றால் அவர்களே ஒப்புக்கொள்ளும் பெயராக இருக்கும்.